தொண்ணூற்றொன்பது முட்டைக்கு ஒரு நேர்த்தி

"கட்டிலுக்கடியில நாலு முட்டை அட்டை, நாலும் காலி! நீ இங்கிலீஷ் படிக்க வந்தியா, கோழிப்பண்ணை வைக்க வந்தியா?"

"மெதுவாப் பேசுங்க பெரியம்மா, பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டுமே! லாமுன் அக்காவுக்குக் கேக்காதது இந்தத் தெருவுல என்ன இருக்கு?"

அது நியாயமான பேச்சுதான். நான் வேலியோரம் கொத்துமல்லிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தத்தில் பாதி வார்த்தை விழுந்துவிடுகிறது என்று குழாயை மூடினேன்.

கத்தியவள் ரம்பாய். சிட்னிக்கு வந்து இருபத்தியிரண்டு வருஷம், கேம்ப்சி ஸ்டேஷன் எதிரே நூடுல்ஸ் கடை, புருஷன் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். திட்டு வாங்கியவள் துக்தா, அவள் தங்கை மகள். தாய்லாந்தில் சாச்சுங்சாவிலிருந்து எட்டு மாதம் முன்னால் இங்கிலீஷ் படிக்க வந்தவள். வந்த அன்றே அவளுடைய பாஸ்போர்ட், "பத்திரமா இருக்கட்டும்" என்று ரம்பாயின் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து ரம்பாய் அந்தப் பெண்ணின் துணியை முகர்ந்து பார்ப்பாள், வகுப்புக்கு வந்தாளா என்று பள்ளிக்கு போன் போடுவாள், ஷாம்பு சீக்கிரம் தீர்ந்தால் யாருக்காக என்று கேட்பாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை காலையில் சாம்பல் நிறக் கார் ஒன்று முனையில் நிற்பதையும், சுருட்டை முடிக்காரன் ஒருவன் ஓட்டுவதையும் சொன்னது நான்தான். அவன் பெயர் யேய்சன், கொலம்பியாக்காரன், அவள் வகுப்புதான் என்பதை விசாரித்துச் சொன்னதும் நான்தான். பக்கத்து வீட்டுக்காரி என்று எதற்கு இருக்கிறோம்?

"திருட்டுத்தனமா எங்கயோ சமையல் வேலை பாக்கறே. விசா போயிடும்டி, என் பேரும் சேர்ந்து நாறும். ஞாயித்துக்கிழமை ஃபிளைட்டுல உன்னை ஏத்திவிடறேன். உங்கம்மாகிட்ட நானே பேசிக்கறேன்."

"ஐயோ, ஞாயித்துக்கிழமையா! வேணாம் பெரியம்மா, திங்கட்கிழமை எனக்கு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"திங்கட்கிழமை என்ன?"

கேட்டுவிட்டு ரம்பாய் வேலிப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா! வேலிமேல எட்டிப் பாக்கறதுக்கு உள்ளயே வந்துடுங்க. நீங்கதான் சாட்சி."

இரண்டு முறை அழைக்க வைக்கவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போனேன். அதற்குள் ரம்பாயின் கண், துணி துவைக்கும் கொட்டகை வாசலில் கிடந்த அண்டாமேல் விழுந்தது.

"இது உங்க அண்டா இல்ல?"

"ஆமா, இரவல் கேட்டா, குடுத்தேன். எதுக்குன்னு மூணு தடவை கேட்டேன். சொல்லல."

"ஓ, நீங்களும் கூட்டா?"

என்னையே சந்தேகப்பட்டாள்! அவளுக்காக எத்தனை சனிக்கிழமை ஜன்னலோரம் நின்றிருக்கிறேன்.

துக்தா கொட்டகைக்குள் போய், மேசைமேல் கிடந்த பழைய போர்வையை இழுத்தாள். மூன்று தாம்பாளத்தில் அவித்த முட்டை, கோபுரம்போல் அடுக்கியிருந்தது. பக்கத்தில் ஊதுவத்திக் கட்டு. பெரியம்மா கடையிலிருந்து வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து ரம்பாய் சீக்கிரம் வந்துவிட்டாள்.

ரம்பாய் கிட்டே வந்து பார்த்தாள். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் யாருக்கும் அவித்த முட்டையை விளக்க வேண்டியதில்லை. கேட்டது கிடைத்துவிட்டால் முட்டைதான் காணிக்கை. சந்தேகமெல்லாம் ஒரே கேள்வியாகக் குறுகிவிட்டது.

"எந்தச் சாமிக்கு?"

துக்தா கொல்லையைக் காட்டினாள். ரம்பாயின் கொல்லையில், கம்பத்தின்மேல் குட்டி வீட்டில் குடியிருக்கிற காவல் சாமி. முன்னால் காலையில் ரம்பாய் வைத்த சிவப்பு சோடா, உறிஞ்சுகுழலோடு.

"என்ன கேட்டே? சாமி முன்னாடி நின்னு பொய் சொல்லாத."

துக்தா குனிந்துகொண்டே சொன்னாள். "இந்த வீட்டை விட்டுப் போகணும்னு கேட்டேன்."

ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி, நியூகாசிலில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, தங்க அறையும் உண்டு. திங்கட்கிழமை பாஸ்போர்ட்டோடு நேரில் போய்ப் பதிய வேண்டும். நேர்முகத் தேர்வுக்குக் கூட்டிப்போனதும், முட்டை ஏற்றி வந்ததும் யேய்சன்.

"அவ்வளவுதான் பெரியம்மா, வேற ஒண்ணுமில்ல."

அவ்வளவுதானா என்று எனக்கு அப்போதே தோன்றியது. கேட்கிற நேரமில்லை.

ஏனென்றால் ரம்பாய் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. சாமி வீட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"தினம் சோடா ஊத்தறது நானு! மாலை வாங்கறது நானு! இவ படிப்பு முடியற வரைக்கும் என் வீட்டுலயே இருக்கணும்னு நானும்தானே நேர்ந்துகிட்டேன்? முழுப் பன்னித்தலை தர்றேன்னு சொன்னேனே, காது கேக்கலையா?"

நான்தான் இடையில் புகுந்தேன். "நீ எப்போ நேர்ந்தே?"

"போன மாசம்."

"நீடி?"

"வந்த ரெண்டாவது வாரம், அத்தை."

"அப்புறம் என்ன, சாமி வரிசைப்படி பாத்திருக்காரு."

ரம்பாய் என்னை முறைத்த முறைப்பில் கொத்துமல்லி வாடியிருக்கும். ஆனால் அவளுக்கும் தெரியும், கொல்லைச் சாமி கொடுத்ததைக் குறுக்கே நின்று தடுத்தால் கடை அடுப்பு பற்றாது. பிறகு விடுவிடுவென்று உள்ளே போனாள். தங்கைக்கு போன் போடத்தான் போகிறாள் என்று நினைத்தேன், துக்தாவும் அப்படித்தான் நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரம்பாய் பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். பாஸ்போர்ட்டை எடுத்து துக்தா கையில் திணித்தாள்.

"எத்தனை முட்டை?"

"நேர்ந்தபடி தொண்ணூத்தொம்பது. மீதி வேகறப்போ வெடிச்சிடுச்சு."

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

நம்பவில்லை. தாம்பாளம் தாம்பாளமாகத் தானே எண்ணினாள். சரியாக இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "ம்... ஊதுவத்தி ஏத்து. வெயிலுக்குக் கெட்டுடும்," என்றாள்.

வத்தி எரிந்து முடியும்வரை மூவரும் படியில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ரம்பாய், "அங்க சமைச்சுக்க அடுப்பு இருக்காமா?" என்று என்னிடம் கேட்டாள், பக்கத்திலேயே துக்தா இருக்க. எனக்குப் பன்னிரண்டு முட்டை வந்தது. அண்டா கொடுத்தவளுக்கு அது குறைச்சல் என்பது என் அபிப்பிராயம்.

திங்கட்கிழமை துக்தா நியூகாசில் போனாள். மூன்றே மாதத்தில் அந்தச் சாம்பல் நிறக் காரும் நியூகாசில் போய்விட்டது. மறு வருஷம் அவளுக்கும் யேய்சனுக்கும் கல்யாணம். ரம்பாய் போய் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதாள், திரும்பி வந்து, "அந்தக் காரைப் பத்தி நீங்க அன்னிக்கே சரியாத்தான் சொன்னீங்க அக்கா," என்றாள். பன்றித்தலையைச் சாமிக்குக் கொடுக்கவில்லை.