எண்பதுக்கு மேல் போகாத வண்டி

வேலையை விட்டு நிறுத்தப்பட்டு எட்டு மாதம் கழித்து, அந்தக் காரை வந்து பார்க்கச் சொல்லி வேடியப்பனுக்கு போன் வந்தது. கூப்பிட்டது முதலாளி அல்ல. வேங்கிக்காலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அருள்ராஜ்.

"அண்ணா, சக்கரபாணி சார் வண்டிய விக்கப் போறாராம். ஓடற மாதிரி பண்ணிக் குடுன்னு இங்க வுட்டிருக்காங்க. பிளக் மாத்திட்டேன், பெட்ரோல் பம்ப் பாத்துட்டேன், டர்போவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இழுவையே இல்ல. எப்பலேர்ந்து இப்படின்னு உன்ன வுட்டா யாருக்குத் தெரியும்?"

"அந்த வண்டிப் பேச்சே எனக்கு வேணாம் அருளு" என்று வேடியப்பன் வைத்துவிட்டான். ஆனால் அன்று மதியமே, பஸ் ஸ்டாண்டில் கடைசி ஆளை இறக்கிவிட்டு, ஷேர் ஆட்டோவை வேங்கிக்கால் பக்கம் திருப்பினான். கை தானாகத் திரும்பியது என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினாறு வருஷம் அவன் சக்கரபாணியிடம் டிரைவர். சன்னதித் தெருவுக்குப் பின்னால் லாட்ஜ் நடத்துகிற மனிதர். அந்தக் கறுப்பு டர்போ கார் 2007 மாடல். மிதித்தால் புலி மாதிரி பாயும். போன வருஷம் அது திடீரென்று சோர்ந்துபோனது. ஒருநாள் வேலூர் கல்யாணத்துக்குப் போகும்போது ஒரு அரசு பஸ்ஸைக்கூட முந்த முடியாமல் திணறியது. பெங்களூரிலிருந்து வந்திருந்த முதலாளியின் மகன் வளவன் பின்சீட்டிலிருந்தே சொன்னான்: "அப்பா, பெட்ரோல்ல ஏதோ கலந்திருக்கு. மண்ணெண்ணெய் கலந்தா இப்படித்தான் ஆவும்."

அவ்வளவுதான். மறுநாள் லாட்ஜ் வாசலில், அறை கேட்டு வந்தவர்கள் பெட்டியோடு நின்றுகொண்டிருக்க, "பெட்ரோல உறிஞ்சி வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்தறியாடா?" என்று சக்கரபாணி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். டாங்க்கைத் திறந்து பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் பானெட் திறந்திருந்தது. வேடியப்பன் கிட்டப் போகாமல் தள்ளியே நின்றான்.

"நின்ன எடத்துல எப்படிக் கீது?" என்றான்.

"நின்ன எடத்துல ஒண்ணும் தெரியலண்ணா. ஊருக்குள்ளயும் ஓடுது. ரோட்டுல போயி மிதிச்சா எண்பதோட நின்னுடுது."

"எனக்கும் அப்படித்தான் இருந்துது. சின்னவரு வந்து ஒரு மாசத்துல ஆரம்பிச்சுது." சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தவனின் கண் ஏர் ஃபில்டரில் நின்றது. கம்பெனி டப்பா இல்லை. அதற்குப் பதில் சிவப்புத் துணி சுற்றிய கூம்பு. "இத அவருதான் மாட்னாரு. கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம், பவர் ஜாஸ்தி வரும்னு."

அருள்ராஜ் அந்தத் துணியை விரலால் தொட்டான். விரல் நுனி எண்ணெயாகப் பளபளத்தது. ஃபில்டருக்கு அடுத்து குழாயில் இருந்த சென்சாரின் ஒயரைப் பிடுங்கினான். "இப்ப ஒரு ரவுண்டு ஓட்டு."

வேடியப்பன் தயங்கித்தான் உட்கார்ந்தான். வேலூர் ரோட்டில் ஏறி மிதித்தான். எஞ்சின் சற்று முரண்டு பிடித்தது, ஆனால் தொண்ணூறைத் தாண்டியது. திரும்பி வந்து இறங்கியபோது அவன் முகத்தைப் பார்த்தே அருள்ராஜுக்குத் தெரிந்துவிட்டது.

"உள்ள எவ்ளோ காத்து போவுதுன்னு இந்த சென்சார்தான் எஞ்சினுக்குச் சொல்லணும்ணா. இது பொய் சொல்லுது. காத்து கம்மின்னு சொன்னா அது பெட்ரோலையும் கம்மியாத்தான் வுடும். புடுங்கி வுட்டா அதுவா ஒரு அளவு வச்சிக்கினு ஓடுது, பாத்தல்ல?"

இரண்டு திருகாணியைக் கழற்றி சென்சாரை வெளியே எடுத்தான். மயிரிழை போன்ற கம்பியின் மேல், ஃபில்டர் துணியிலிருந்து வந்த எண்ணெயும் தூசியும் பழுப்பாகப் படிந்திருந்தன. கிளீனர் அடித்தும் அளவு சரியாகவில்லை. சென்னையிலிருந்து புதுசு வர மூன்று நாள் ஆனது. பழைய மாதிரி காகித ஃபில்டரும் மாட்டிய பிறகு கார் பழையபடி பாய்ந்தது. ஓட்டிப் பார்க்க மறுபடி வந்த வேடியப்பனுக்கு, நூற்றுப்பத்தில் போகும்போதும் சந்தோஷம் வரவில்லை. வண்டியை ஓரங்கட்டி, கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

காரை ஒப்படைக்க அருள்ராஜ் அவனையும் லாட்ஜுக்கு அழைத்துப் போனான். பழைய சென்சாரை மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொன்னான். சக்கரபாணி அதைத் தொடாமல் பார்த்தார்.

"சரி வுடு. அன்னிக்கு யாருக்குத் தெரியும் இதெல்லாம்?"

பக்கத்தில் இருந்த வளவன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "எனக்கும் அப்புறந்தான் தெரிஞ்சுதுண்ணா. நீங்க போயி ரெண்டு மாசத்துல நெட்ல படிச்சேன், ஃபில்டர் ஆயில் சென்சார்ல படியும்னு. அப்பாகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

வேடியப்பன் அவனையே பார்த்தான். ஆறு மாசம் இவன் வாயில் இந்தச் சொல் சும்மா கிடந்திருக்கிறது.

"இன்னா மொறைக்கிற வேடியப்பா?" என்றார் சக்கரபாணி. "அப்பக்கூட உன்ன நான் போலீஸ்ல குடுத்தனா? பதினாறு வருஷம் இருந்தவனாச்சேன்னு வுட்டுட்டேன்ல?"

"குடுத்திருக்கலாங்க மொதலாளி. அவங்களாவது டாங்க்கத் தொறந்து பாத்திருப்பாங்க."

ரிசப்ஷனில் இருந்த மேனேஜர் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி நடித்தார். "திமிரு எறங்கல இன்னும்" என்று சக்கரபாணி சொன்னது, வேடியப்பன் படி இறங்கும்போது காதில் விழுந்தது.

அடி அண்ணாமலையில் வீட்டுக்கு வந்தபோது மனைவி ரேணுகாம்பாள் வாசலில் மல்லாட்டையை உடைத்து வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சென்சார், எண்ணெய், சின்னவர் படித்தது, ஒன்றுவிடாமல். அவள் கை பாதியில் நின்றது.

"அப்ப நெஜமாவே நீ எடுக்கலியா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவளைப் பார்க்க முடியவில்லை.

"நீயுமா?"

"நீ ஒரு வார்த்த எதுத்துப் பேசலியே அன்னிக்கு. சாவிய வுட்டுட்டு வந்துட்ட. நான் இன்னான்னு நெனைக்கறது?" அவள் குரல் உடைந்தது. "புருஷன் தெரியாம பண்ணிட்டான், மன்னிச்சுடு சாமின்னு எட்டுப் பௌர்ணமி மலையச் சுத்தினேனே, கால் கொப்புளிக்க."

அதில் பல பௌர்ணமி அவனும் கூடவே சுற்றியவன்தான். அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று ஒருதரமும் கேட்டதில்லை.

"சோறு போடறேன், வா" என்றாள் அவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"பசிக்கல" என்று எழுந்து போய் ஆட்டோவைக் கிளப்பினான் வேடியப்பன். முக்குக் கடையில் நான்கு பேர் டவுனுக்குப் போகக் காத்து நின்றார்கள்.