ஐந்து அறை டப்பா

டப்பாவைத் திறந்தால் உள்ளே பொட்டு ஈரம்கூட இல்லை. கழுவித் துடைத்து வைத்திருந்தது. நான் கழுவினால் மூடியின் விளிம்பில் எப்போதும் ஒரு பீட்ரூட் கறை மிஞ்சும். அதுவும் இல்லை.

மூன்று மாதமாக, காலையில் கட்டிக் கொடுத்ததை மாலையில் அப்படியே திருப்பிக்கொண்டு வந்தாள் மகள். ஐந்து வயது. எடை ஏறவில்லை என்று டாக்டர் என்னைத்தான் முறைத்தார். அதனால்தான் இந்த ஐந்து அறை டப்பா. பட்டாணி, சோளம், திராட்சை, நட்சத்திரமாக வெட்டிய பீட்ரூட், கேரட் பூ. பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் பூவின் ஓர் இதழ் தினமும் சிறுத்துப்போகும்.

"சாப்பாடு கட்டுறியா, கண்காட்சி வைக்கிறியா?" என்பார் கணவர்.

ஒரு வாரமாக டப்பா காலியாக வந்தது. அவள் கன்னம்கூடச் சற்றுப் பூசினாற்போல் இருந்தது. யார் கழுவித் தருகிறார்கள், ஒரு நன்றி சொல்லலாம் என்றுதான் மறுநாள் காலை வகுப்பு டீச்சரிடம் பேச்செடுத்தேன்.

"நல்லா விளையாடுறீங்க! தினம் மதியம் நீங்களே வந்து ஊட்டி, கழுவிட்டும் போயிடுறீங்க. உங்க பொறுமை எங்களுக்கெல்லாம் வராதும்மா."

மதியம் நான் அலுவலகத்தில் இருப்பேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நல்ல அம்மா என்று என்னை யாரும் சொல்லி வெகுநாளாகியிருந்தது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை மகளை மடியில் இருத்திக் கேட்டேன். "மதியம் யாருடா ஊட்டுறாங்க?"

"நீதான்."

"நான் ஆபீஸ்ல இருந்தேனே, கண்ணு?"

கொஞ்சம் யோசித்தாள். "இந்த நீ இல்லம்மா. அவசரப்படாத அந்த நீ."

இரவெல்லாம் அந்தச் சொல் உறுத்தியது. காலையில் விடுப்பு சொல்லிவிட்டேன். டப்பா கட்டுவதற்கு முன், கூடத்தில் அவளை முன்னால் உட்காரவைத்து, சிக்கெடுத்து, மெதுவாகப் பின்னினேன். குளியலறையில் கணவர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வீட்டில் வேறு யாருமில்லை.

"இன்னைக்கு மதியம் அம்மா வந்து ஊட்டுறேன். சரியா?"

அவள் தலையைத் திருப்பி, என்னைத் தாண்டி, சமையலறைப் பக்கம் பார்த்தாள், அனுமதி கேட்பதுபோல.

பின்னால், பலகையில் கத்தி கேரட் நறுக்கத் தொடங்கியது. ஒவ்வோர் இதழாக, அவசரமே இல்லாமல்.