எல்லாரும் தொடுகிற ஃபைல்

பிரவுசரிலேயே டிசைன் செய்யலாம் என்று காட்டூர் ஆபீஸில் ஒற்றைக்காலில் நின்றவள் கமலினிதான். கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கும் சாஃப்ட்வேரே போதும் என்றான் கூட்டாளி ஹாலித். "யார், எப்ப, எதைத் தொட்டாங்கன்னு பிரவுசர்ல பேரோட இருக்கும்" என்று அவன் வாயை அடைத்தாள்.

வந்த முதல் வேலை ஸ்ரீரங்கம் சௌரிராஜனின் சமையல் ஆப். டிசைன் ஃபைலைப் பார்க்க மட்டும் முடிகிற லிங்க்குக்குப் பதில், திருத்தவும் முடிகிற லிங்க்கை அவருக்கு அனுப்பித் தொலைத்தாள். மனுஷர் சும்மா இருப்பாரா? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். சிட்னி மாப்பிள்ளை பட்டனைப் பச்சையாக்கினார். பெங்களூர் அத்தை புளியோதரையைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கினாள். கமலினி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சரிசெய்தாள். இன்று காலை பார்த்தால், முகப்பில் இருந்த பாதம் வைத்த தென்கலை நாமம், பாதமில்லாத வடகலை நாமமாகியிருந்தது.

உடனே போன் வந்தது. "எங்காத்துல இதை யாரு பண்ணினா? இப்பவே சொல்லுங்கோ. இல்லேன்னா வேலையைச் சென்னைக் கம்பெனிக்குக் குடுத்துடறேன்" என்றார் சௌரிராஜன்.

"பேரோட இருக்கும்னியே, சொல்லு" என்று இளித்தான் ஹாலித். கமலினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யார் எதைத் தொட்டார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்த்தாள். நாமத்துக்கு நேரே கோதா என்றிருந்தது. சௌரிராஜனின் மனைவி. ஆப்பில் விற்கப்போகும் அத்தனையும் அவள் சமைப்பதுதான். படம் எடுக்கப் போனபோது, அக்காரவடிசலைக் கிளறிக்கொண்டே மாமி சொல்லியிருந்தாள்: "எல்லாம் எங்கப்பா கைப்பக்குவம். எங்க பொறந்தாத்துல எல்லாரும் வடகலை. கல்யாணமாகி இங்க வந்ததுலேர்ந்து அதைப் பத்திப் பேசறதே இல்லை."

இதை வேறெங்காவது காட்டக்கூடாதா மாமி என்று கோபம் கோபமாக வந்தது. ஆனால் போனில் அவள் சொன்னது வேறு.

"நான்தான் சார். தப்பான படத்தைப் போட்டுட்டேன்."

"நீங்களா? எங்காத்துல யாரும் பண்ணலேன்னா சரி. ஆனா இனிமே உங்களைத் தவிர ஒருத்தர் கை படக்கூடாது. அப்படின்னா வேலை உங்களுக்கு."

"அப்ப நம்ம பழைய சாஃப்ட்வேர்தான்" என்றான் ஹாலித்.

நாமத்துக்குப் பாதத்தைத் திரும்ப வைத்தாள். லிங்க்கை மூடப் போகையில், மாமியும் வீட்டில் ஃபைலைத் திறந்திருப்பதைக் காட்டி, கோதா என்ற பெயரோடு ஒரு சின்ன அம்புக்குறி வந்து நாமத்துக்குப் பக்கத்தில் நின்றது. எதையும் தொடவில்லை. "போயிடுங்க மாமி" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தாள் கமலினி. அது போகவில்லை. கடைசியில் அவளேதான் மூட வேண்டியிருந்தது.