தங்க உறுப்பினர் திம்மராயன்

வானத்தில் ஏறிவிட்டால் மனிதருக்குள் உயர்வு தாழ்வு கிடையாது. நிலத்தில் போட்டுவைத்த வேலிகளெல்லாம் மேகத்துக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. வாயுமித்ரா விமான நிறுவனத் தலைவரின் இந்த வாசகம் பெங்களூரு விமான நிலையத்தில் அவர்களுடைய வாசலுக்கு மேல் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. அதன் அடியில் வைரம், தங்கம், வெள்ளி, மற்றவர் என்று கயிறு கட்டி நான்கு வரிசைகள் பிரித்திருந்தார்கள். பிரகாஷ் தங்கத்தில் நின்றான். தங்க வரிசை மற்றவர் வரிசையைவிட நீளமாக இருந்தது.

ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி மெஷின் செய்யும் ஒரு கம்பெனியில் அவன் சர்வீஸ் ஆள். விற்ற மெஷின் ராஜ்கோட்டிலோ லூதியானாவிலோ நின்றுபோனால் மறுநாள் காலை அங்கே பிரகாஷ் நிற்க வேண்டும். மெஷினுக்குப் பக்கத்திலேயே அட்டையை விரித்துப் படுத்து, ஓடவைத்துவிட்டுத் திரும்புவான். ஐந்து வருடம் இந்தியா முழுக்கப் பறந்ததில் அவன் பார்த்த ஊர்கள் எல்லாம் ஒரே ஷெட்டாகத்தான் இருந்தன. பறந்து பறந்து இடது காதில் விழுந்த அடைப்பு இப்போது தரையிலும் திறப்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், பாதுகாப்புச் சோதனையில் கலைத்துப்போட்ட ஸ்பேனர்களைப் பைக்குள் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கி அவனுடைய அப்பாவைக் கூப்பிட்டது. மிஸ்டர் திம்மராயன், இதுவே உங்களுக்குக் கடைசி அழைப்பு. பிரகாஷின் கை அப்படியே நின்றுவிட்டது. திம்மராயன் அதற்கு ஆறு வருடம் முன்பே கெலமங்கலத்தில், தக்காளித் தோட்டத்து மோட்டார் கொட்டகை வாசலில், ஒரு கையில் செருப்போடு விழுந்து இறந்தவர். ராயக்கோட்டை மண்டிக்குக் கூடை ஏற்றிப் போனதுதான் அவர் செய்த நெடும்பயணம். ரயிலைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

காரணம் எளிது. டி. பிரகாஷ் என்றால் விமானத்துக்குப் புரியாது. குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் நகராது. கம்பெனியில் டிக்கெட் போடுகிறவர் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை நிரப்பிவிடுவார். கூட வேலை செய்யும் முத்துக்குமாருக்கும் இதே கதைதான். அவனுக்குச் சாத்தூர், அப்பா பரமசிவம் உயிரோடு இருந்தார்.

"எங்கய்யா இந்நேரம் முக்குக்கடையில பேப்பர் பாத்துக்கிட்டு இருப்பாரு. இங்க அவர ஏரோப்பிளேனுக்கு நேரமாச்சுன்னு விரட்டுதாங்க," என்பான் முத்துக்குமார். பிரகாஷுக்கு அப்படிச் சிரித்துவிட முடியவில்லை. விமானப் பணிப்பெண் வாசலில் கைகூப்பி, வாருங்கள் மிஸ்டர் திம்மராயன் என்று சொல்லும்போதெல்லாம் அவன் ஒருதடவை பின்னால் பார்த்துக்கொள்வான்.

வாயுமித்ராவின் உறுப்பினர் திட்டத்துக்கு மித்ரா குடும்பம் என்று பெயர். அதில் அவனைச் சேர்த்தவன் விமான நிலையத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பையன். டிக்கெட்டில் முதலில் அச்சாகியிருந்த குடும்பப் பெயரை உறுப்பினர் பெயராகவும் அடுத்ததைத் தந்தை பெயராகவும் தட்டிவிட்டான். ஆக அந்தக் குடும்பத்தில் திம்மராயன் உறுப்பினர். பிரகாஷ் அவருக்கு அப்பா. இதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை. இரண்டு பெயரும் இருந்ததால் பாயிண்ட் ஒழுங்காக ஏறியது. பாயிண்ட் ஏறும்போது யாரும் ஆதார் கேட்பதில்லை.

அதன்பிறகு திம்மராயனுக்குக் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. திம்மராயன், உங்களைப் பார்த்து நாளாகிவிட்டது. திம்மராயன், வானம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஒரு மகாளய அமாவாசையன்று வீட்டில் வெங்கடம்மாள் கணவருக்கு இலை போட்டு, களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே வந்து நின்ற நேரத்தில் பிரகாஷின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. திம்மராயன், உங்கள் விருப்ப உணவு எது? இப்போதே தெரிவியுங்கள். யார் என்று அம்மா கேட்டாள். கம்பெனி மெசேஜ் என்று சொல்லிவிட்டான்.

தங்கம் வந்தபோது அவனுக்கும் கொஞ்சம் தலை கனத்தது. அட்டையை பர்ஸில் வெளியே தெரிகிறமாதிரி வைத்துக்கொண்டான். தங்கை பிரவீனாவின் புருஷனுக்கு மிலிட்டரி வேலை, குவாஹாத்தியில். அவள் ஏழாம் மாதத்தில் இருந்தபோது, படுக்கையை விட்டு எழவே கூடாது, பயணம் நினைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரசவத்துக்கு அம்மாதான் அங்கே போக வேண்டும். வெங்கடம்மாளுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து, அரைமணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார முடியாத நிலை. ரயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போதுதான் பிரகாஷ் பர்ஸைத் திறந்து, ஒரு பைசா செலவில்லாமல் போய்வரலாம் என்று அறிவித்தான். அன்று மாலைக்குள் அது கெலமங்கலம் சந்தைவரை போய்விட்டது.

டிக்கெட் போட உட்கார்ந்தபோது முதலில் ஒரு மகிழ்ச்சியான செய்தி காத்திருந்தது. உறுப்பினர்களுக்கு மேம்பட்ட அனுபவம் தருவதற்காக இந்த வாரம் முதல் பாயிண்ட் அட்டவணை புதுப்பிக்கப்பட்டுள்ளது. போன வாரம் குவாஹாத்தி போய்வரப் போதுமாக இருந்த பாயிண்ட் இப்போது போவதற்கு மட்டும்தான் போதும். இரண்டாவது, பெயர். ஆதார் எண்ணைப் போட்டதும் மித்ரா குடும்பம் பிரகாஷை ஏற்க மறுத்தது. நீங்கள் உறுப்பினரின் மகன் என்றது. அது உண்மைதான் என்பதால் அவனால் வாதாட முடியவில்லை.

உதவி எண்ணில் பிரியதர்ஷினி என்ற பெண் கிடைத்தாள். பெயரைத் திருத்த முடியாது என்று இனிமையாகச் சொன்னாள். திருத்தினால் அது வேறொருவருக்கு மாற்றுவதாகிவிடும். பாயிண்ட்டை யாருக்கும் மாற்ற முடியாது, உறுப்பினர் காலமானால் கணக்கோடு சேர்ந்து அதுவும் போய்விடும். பிரகாஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"ஒரு நிமிஷம் சார். உங்க அப்பா நல்லா இருக்கார்ல?"

மறுமுனையில் நூறு பேர் ஒரே நேரத்தில் மெதுவாகப் பேசும் சத்தம் கேட்டது. பிரகாஷ் நல்ல காதுக்குப் போனை மாற்றினான்.

"இருக்காருங்க," என்றான்.

அப்படியானால் ஒரு வழி இருக்கிறது என்றாள் அவள். தம்பதி சலுகை. தங்க உறுப்பினர் தன் பாயிண்ட்டில் பயணம் செய்தால் மனைவிக்கு டிக்கெட் இலவசம். பாயிண்ட்டும் பாதிதான் பிடிக்கும். இருவருக்குமான வரியையும் எரிபொருள் கட்டணத்தையும் மட்டும் கட்டினால் போதும். அந்த மட்டும் என்ற தொகையைக் கேட்டதும் பிரகாஷ் மனசுக்குள் மாதச் சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டான். ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. "அவரு வரலைன்னா?"

"அது அவரோட விருப்பம் சார்."

மனைவியின் சம்மதத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றாள். வெங்கடம்மாள் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்றபடியே அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பிரகாஷ் விஷயத்தை இரண்டு வார்த்தையில் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு அவள் வாயருகே நீட்டினான். அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பேர், வயது எல்லாம் சொன்னாள். திருமதி வெங்கடம்மாள், உங்கள் கணவர் திம்மராயன் இந்தப் பயணத்தில் உங்களோடு வருகிறாரா என்று போன் கேட்டது.

அவள் போனைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். வெறும் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"வர்றாரு," என்றாள்.

நன்றி, இனிய பயணம் அமையட்டும் இருவருக்கும் என்று போன் அணைந்தது. அவள் அவரைக்காய்க்குத் திரும்பினாள். கொஞ்சநேரம் கழித்து, "வர்றேன்னு சொல்லிட்டு வராம போறது உங்கப்பனுக்கு என்னா புதுசா?" என்றாள்.

விமானத்தில் நடந்ததை வெங்கடம்மாள் குவாஹாத்தி போய்ச் சேர்ந்த மறுநாள் போனில் சொன்னாள். சன்னலோரம் அவளுக்கு, பக்கத்து இருக்கை அவருக்கு. எல்லோரும் ஏறி முடிந்தபின் ஒலிபெருக்கியில் திம்மராயன் திம்மராயன் என்று மூன்றுதடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை அவள் பாதி எழுந்துவிட்டாள். பணிப்பெண் வந்து, சார் வரவில்லையா என்று சைகையில் கேட்டாள். அவள் ஏதோ தலையாட்டினாள். கதவைச் சாத்தினார்கள். அந்தப் பெண் குனிந்து, யாரும் உட்காராத இருக்கைக்குப் பெல்ட்டை மாட்டி, நுனியை இழுத்து இறுக்கிவிட்டுப் போனாள். சரியாக அவருடைய இடுப்பு அளவுக்கு இறுக்கினாள் என்று வெங்கடம்மாள் சொன்னாள். மேகத்துக்குள் விமானம் குலுங்கியபோது பெல்ட்டின் கொக்கி ஆடி, யாரோ விரலால் தட்டுவதுபோலச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. சாப்பாடு இரண்டு வந்தது. முன்பே பதிவு செய்தது என்று இரண்டு தட்டையும் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் தட்டைக் கொஞ்சநேரம் திறந்துவைத்துவிட்டு, பிறகு அதையும் அவளே சாப்பிட்டாள்.

"வீணா போவுதேன்னு தின்னுட்டேன்டா," என்றாள்.

அன்று பிரகாஷின் போனுக்கும் ஒரு செய்தி வந்திருந்தது. திம்மராயன், நீங்கள் வரவில்லை. எங்கே இருக்கிறீர்கள்?

முத்துக்குமாரிடம் காட்டினான். அவன் இந்தமுறை சிரிக்கவில்லை. பதில் எதுவும் போட்டுத்தொலைக்காதே என்று மட்டும் சொன்னான்.

பிரவீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். மாதம் ஒன்று கழிந்து வெங்கடம்மாள் திரும்பக் கிளம்பிய நாளில் பிரகாஷ் லூதியானாவில் ஒரு மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தான். மாப்பிள்ளை போன் செய்தார். கவுண்டரில் டிக்கெட் இல்லை என்கிறார்கள். போகும் பயணத்தில் முதல் பயணி வராததால் திரும்பும் டிக்கெட் இரண்டும் அப்போதே ரத்தாகிவிட்டதாம். பிடித்த பாயிண்ட் போனது போனதுதான். இப்போது வாங்கினால் என்ன விலை என்றும் மாப்பிள்ளை சொன்னார். சீட்டில் எடுப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

கிரீஸ் கையோடு உதவி எண்ணைக் கூப்பிட்டான். இந்தத் தடவை எடுத்தது வேறொரு பெண். உங்கள் தந்தை ஏன் பயணம் செய்யவில்லை என்பதற்கு மருத்துவச் சான்று இருந்தால் பரிசீலிக்கலாம் என்றாள். பிரகாஷ் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அவரு செத்துப் பதினோரு வருசம் ஆவுதுங்க."

விசைப்பலகை தட்டும் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. தங்கள் இழப்புக்கு மித்ரா குடும்பம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிக்கிறது. விதிப்படி கணக்கு இந்த நிமிடத்தோடு மூடப்படுகிறது. மீதிப் பாயிண்ட்டும் செல்லாது. பேச்சு அங்கே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பெண் தயங்கினாள். திரையில் ராஜ்கோட், லூதியானா, கோயம்புத்தூர் என்று ஓடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"அப்ப இந்த அஞ்சு வருஷமா எங்க பிளைட்ல போய்ட்டிருந்தது யாரு சார்?" குரல் தணிந்திருந்தது.

"நான்தாங்க."

"உங்க பேர்ல எங்ககிட்ட யாரும் இல்லையே சார்."

பிரகாஷ் மெஷினின் பளபளப்பான எஃகுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். எண்ணெய் படிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. பின்னால் லூதியானா சூப்பர்வைசர் எப்போது ஓடும் என்று இந்தியில் கேட்டார். பிரகாஷ் மறுபடி உள்ளே தலையை விட்டான்.

மாப்பிள்ளை அலைந்து, மூன்று நாள் ஓடும் ரயிலில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். நடைபாதையோரக் கீழ் இருக்கையில் பாதி. மறுபாதியில் பெங்களூருவுக்கு வேலைக்கு வரும் ஓர் ஆள், மூட்டையோடு. படுக்க வழியில்லை. பெட்டியில் கழிவறைவரை ஆட்கள் தரையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தாண்டிப்போக இடுப்பு கொடுக்கவில்லை. முதல்நாள் பக்கத்து ஆளும் இன்னொருவரும் அவளைத் தூக்கிப்பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். அதற்குப்பிறகு அவர்களைக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பார்த்தாள்.

கே.ஆர்.புரம் நிலையத்தில் பிரகாஷ் காத்திருந்தான். அவன் பெட்டிக்குள் ஏறியபோது கூட்டம் ஏற்கெனவே இறங்கிப்போயிருந்தது. பக்கத்து ஆள் தன் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்துகொண்டிருந்தான். வெங்கடம்மாள் எழவில்லை. பிரவீனாவின் குழந்தைக்குத் திம்மராயனின் காது என்று சொன்னாள். வெளியே வெயில் எப்படி என்று கேட்டாள். மகனின் தோளில் துண்டு இருக்கிறதா என்று பார்த்தாள். பெட்டி முழுக்கக் காலியாகட்டும் என்று அவனையும் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டாள்.

புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.