வெர்னா தொடாத கோப்பை

எங்கள் ஊரான டன்வுட்டில் வெர்னா ஹ்ரின்கிவைப் பிடித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் செத்துப்போனார். மற்றது அவளுடைய நாய். அதுவும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்.

மாகாணக் கர்லிங் கோப்பையை அவள் ஜெயித்த அன்று தொடங்கிய பகை இது. கர்லிங் என்றால் பனித்தரையில் கனத்த கல்லை வழுக்கிவிட்டு, முன்னே துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே போய், வட்டத்தின் நடுவில் நிறுத்தும் ஆட்டம். பனியில் வழுக்கிப்போன கடைசிக் கல்லில் அவள் துடைப்பம் பட்டதென்று எதிரணித் தலைவி மாவிஸ் டெர்க்சன் கத்தினாள். ஓடும் கல்லில் துடைப்பம் பட்டால் தப்பு; எங்கள் ஆட்டத்தில் பட்டவளேதான் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். வெர்னா தூக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் தோற்றவருக்கு ஒரு கோப்பை மது வாங்கித் தருவது வழக்கம். வெர்னா வாங்கி வைத்ததை மாவிஸ் தொடாமல் எழுந்து போனாள்.

ஊரில் பாதிப் பேர் டெர்க்சன்கள். மீதிப் பேர் அந்த வீட்டில் பெண் எடுத்தவர்கள். அப்புறமென்ன! காபிக் கடையில் வெர்னாவுக்கு ஊற்றிய காபியில் ஸ்பூன் நட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவு உறைந்திருக்கும். பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊரான பெல்பிக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டாள்.

இந்தப் பிப்ரவரியில் அதே கோப்பைக்கு இறுதி ஆட்டம்: எங்கள் மாவிஸ் அணிக்கும் வெர்னாவின் பெல்பிப் பெண்களுக்கும். பார்வையாளர் கண்ணாடிக்குப் பின்னால் வெர்னாவின் பக்கத்து நாற்காலி மட்டும்தான் காலி. உட்கார்ந்தேன்.

"என்ன வெர்னா, பொண்ணுங்களுக்குக் கையத் தூக்கக் கத்துக்குடுத்தியா, இல்ல அந்தப் பாடத்த மட்டும் விட்டுட்டியா?" என்றான் கறிக்கடை ஓர்வில்.

"உன் சாசேஜ்ல கறி இருக்கா இல்லையான்னு மொதல்ல நீ சொல்லு, ஓர்வில்."

பெல்பியின் கடைசிக் கல் ஊர்ந்து வந்து வட்டத்தின் நட்டநடுவில் நின்றது. ஆட்டம் அவர்களுக்கு. நாங்கள் போட்ட ஓலத்தில் கூரைப் பனி சரிந்தது.

அப்போது கல்லுக்கு முன்னே பெருக்கி வந்த பெல்பிப் பெண் ஜோலின் கையைத் தூக்கினாள். "என் துடைப்பம் பட்டுடுச்சு."

ஒருவரும் பார்க்கவில்லை, சத்தியமாக நானும் பார்க்கவில்லை. வெர்னா ஒரே ஒரு தடவை தலையாட்டினாள். இனி அந்தக் கல்லை விட்டுவைப்பதும் எடுத்தெறிவதும் எதிரணித் தலைவியின் இஷ்டம்.

"எடுடி மாவிஸ்!" நாங்கள் கண்ணாடியை உடைக்காத குறைதான்.

மாவிஸ் காலாலேயே தள்ளிவிட்டாள். கோப்பை எங்களுக்கு.

மேலே மதுக்கூடத்தில் மாவிஸ் ரை விஸ்கி வாங்கி வந்து வெர்னாவின் முன்னால் வைத்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு யாருடி சொல்லிக்குடுத்தா?"

"அவளுக்கு வேற யாரு கோச்சு?"

மாவிஸ் மேசையைத் தடவினாள். "அப்ப... அன்னிக்கு உன் துடைப்பம் படலையோ என்னமோ."

"என்னமோவா?" வெர்னா கோட்டை எடுத்தாள். "ஊரையே விட்டுத் தொரத்திட்டு இத்தன வருஷம் கழிச்சு ஒரு 'என்னமோ' குடுக்கறியா? இதையும் நீயே வெச்சுக்க."

விஸ்கிக் கோப்பையைத் தொடாமலே தன் பெண்களோடு படியிறங்கினாள். நடுவட்டத்தில் நிற்கும் எதிரிக் கல்லைப் பார்ப்பதுபோல மாவிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துப் போடவும் துணிச்சல் இல்லை, விட்டுவைக்கவும் மனசில்லை.

நல்ல ரை விஸ்கி. வீணாக்கலாமா? நான் குடித்துவிட்டேன்.

மறுநாள் காபிக் கடையில் என் ஸ்பூனும் நட்டுக்கொண்டு நின்றது.