வாய் துடைத்த நெர்சு

அமைச்சர் சர்தாய் வீட்டில் படையல் பன்றி வேகிறது என்ற செய்தி விடியும்போதே தெருவுக்கு வந்துவிட்டது. வடக்கிலிருந்து வந்து சீனத்தை ஆளும் மஞ்சுக் குடும்பங்களில் இதற்கு அழைப்பு வைக்கிற வழக்கமில்லை. முறை தெரிந்த எவரும் போகலாம், பகையாளியே வந்தாலும் தடுக்கக் கூடாது. நெர்சு கிளம்பி நின்றார். அவர் மனைவி ஹெலின், அங்கியின் கைக்குள்ளிருந்த கைக்குட்டையை உருவிப் பெட்டியில் போட்டாள்.

"அதை ஏன் எடுக்கறே?"

"உங்க கையை நம்ப முடியாதுங்க. முப்பது வருஷமா தெற்கத்தி ஆளுங்களோட சாப்பிட்டுப் பழகின கை. சாமிக்குப் படைச்ச கறி அது. சாப்பிட்டுட்டு வாயைத் துடைச்சா சாமியை அவமானப்படுத்தின மாதிரி. நன்றின்னும் சொல்லித் தொலைக்காதீங்க. சாமி போட்ட சோத்துக்கு சர்தாய்க்கு எதுக்கு நன்றி?"

கைக்குட்டை இருந்த இடத்தில், சோயாச் சாற்றில் ஊறவைத்து உலர்த்திய காகிதத்தை மடித்து வைத்தாள். படையல் கறியில் உப்புக் கூடாது. ஆனால் கத்தியை யாருக்கும் தெரியாமல் இந்தக் காகிதத்தில் தேய்த்துக்கொண்டு அறுத்தால் கறி எப்படியோ தொண்டையில் இறங்கிவிடும். ஊரே செய்கிற திருட்டு இது. சாமிக்கும் தெரிந்துதான் இருக்கும்.

நெர்சு எல்லாத் தேர்வுகளிலும் தேறியவர். அவர் எழுதிய சீனக் கவிதைகளைச் சீனர்களே நகலெடுத்து வைத்திருந்தார்கள். குதிரையேற்றம் என்று பேச்சு வந்தால் மட்டும் இருமல் வந்துவிடும். தெற்கே ஹாங்ஜோவில் பெரிய பதவியில் இருந்தவரைத் தலைநகருக்கு வரவழைத்து, காத்திரு என்றார்கள். காத்திருந்தே தாடி வெளுத்துவிட்டது. ஒரே மகள் சிரின் ஹாங்ஜோ காவற்படை வீரன் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு அங்கேயே இருந்தாள். பேரப்பிள்ளைகளை அவர் பார்த்ததே இல்லை. மஞ்சுப் படைக்குடியில் பிறந்தவன் உத்தரவில்லாமல் தலைநகரைத் தாண்ட முடியாது. அங்கே ஒரு பதவி கிடைத்தால்தான் மகள் முகத்தைப் பார்க்கலாம். பதவிக்குப் பெயர் எழுதுகிறவர் சர்தாய். போர்க்களத்தில் வளர்ந்த அந்த மனிதருக்கு, மை குடித்து வளர்ந்த மஞ்சுக்காரனைக் கண்டாலே ஆகாது.

முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். நெர்சு முன்னால் ஒரு செப்புத் தட்டு நிறையக் கறி வந்தது. கத்தியைக் காகிதத்தில் ரகசியமாகத் தேய்த்து அறுத்தும் கறியில் உப்பு ஏறவில்லை. மகளை நினைத்துக்கொண்டு விழுங்கினார். தட்டு காலியானதும் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினார்.

"கறி கொண்டா!"

மறுபடி கேட்பதுதான் அங்கே மரியாதை. வீட்டுக்காரர் என்ற முறையில் சர்தாய் எழுந்து வந்து அவரை வணங்கினார். நெர்சு இன்னொரு தட்டையும் முடித்து மறுபடி கத்தினார். சர்தாய் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"யோவ் நெர்சு! மூங்கில் குருத்தைக் கொறிக்கிற ஆளுன்னுல்ல உன்னை நெனச்சேன்! உள்ளுக்குள்ள ஒரு மஞ்சுக்காரன் ஒளிஞ்சிருக்கான்யா!"

"நல்ல பசிங்க ஐயா."

"உன்னை மாதிரி ஆளைத் தெக்கே அனுப்பி வீணாக்கறதா? வடக்கே, நம்ம பாட்டன் மண்ணு முக்டென்ல துணை அமைச்சர் இடம் காலியா இருக்கு. நாளைக்கே உன் பேரை எழுதறேன். சாகிற வரைக்கும் அங்கேயே ராஜாவாட்டம் இரு!"

"ஐயா, ஹாங்ஜோ பக்கம் ஏதாவது..."

"அட விடுய்யா, அது கவிதை எழுதறவனுங்க ஊரு!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான் நடந்தது. அமைச்சர் தரும் உயர்வை வேண்டாம் என்றால் அரசரையே வேண்டாம் என்றதாகிவிடும். இவன் இதற்கு லாயக்கில்லை என்று சர்தாய்க்கே தோன்றினால்தான் உண்டு. அப்படித் தோன்றினால் எங்கே தூக்கி எறிவார் என்பதும் தெரியாது. நெர்சுவுக்குப் பயமாக இருந்தது.

கை அங்கிக்குள் போனது. பழக்கத்தில் போகவில்லை, அவர்தான் அனுப்பினார். சோயாக் காகிதத்தை எடுத்துப் பிரித்து, எல்லோரும் பார்க்க, நிதானமாக வாயைத் துடைத்தார். தாடியையும் விட்டுவைக்கவில்லை. காகிதம் கறிக் கொழுப்பில் நனைந்து, வெள்ளைத் தாடியில் கறுப்பாகச் சாறு இறங்கியது. பிறகு எழுந்து குனிந்தார்.

"ரொம்ப நன்றிங்க ஐயா. சாப்பாடு பிரமாதம்."

மென்றுகொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள். படையலன்று விருந்தாளியை வீட்டுக்காரர் ஏசக் கூடாது. சர்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் ஹெலின் அவர் தாடியைப் பார்த்ததுமே தலையில் கை வைத்தாள்.

"கைக்குட்டையைத்தான் எடுத்துட்டேனே!"

"காயிதத்தை வெச்சிருந்தியே."

நடந்ததைச் சொன்னார். அவள் அழுதாள். அப்புறம் முகம் கழுவ வெந்நீர் கொண்டுவந்தாள்.

பனிக்காலத்துக்கு முன்பே உத்தரவு வந்தது. 'தெற்கத்தி நாகரிகம் முற்றிப்போனவர், தெற்கிலேயே கிடக்கட்டும்' என்று சர்தாய் எழுதிவிட்டிருந்தார். பதவி மூன்று படி இறக்கம். ஹாங்ஜோ காவற்படைப் பள்ளியில், ஒரு காலத்தில் அவரிடமே கைகட்டி நின்றவனுக்குக் கீழே உதவியாளர் வேலை. நண்பர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள்.

"தவளை தன் வாயால கெடும்பாங்க. நீங்க வாயைத் துடைச்சுல்ல கெட்டீங்க!"

நெர்சு தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். குனிந்திருந்ததால் முகம் யாருக்கும் தெரியவில்லை.

கால்வாய்ப் படகைவிட வதந்திக்கு வேகம் அதிகம். ஹாங்ஜோவில் ஹெலின் படகுத்துறையில் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருக்க, நெர்சு முந்திக்கொண்டு போய் மகள் வீட்டுக் கதவைத் தட்டினார். சிரின் மாவுக் கையோடு கதவைத் திறந்தாள். அவள் பின்னால் இரண்டு சின்னத் தலைகள் எட்டிப்பார்த்தன. அவள் அழவில்லை, அவர் தாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நீங்க வாயைத் துடைச்சீங்களாமே? இங்க ஊரே சிரிக்குது."

"ஆமாம்மா."

அவள் உள்ளே போய், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியோடு வந்தாள்.

"இந்தாங்க. இங்க எவ்வளவு வேணா துடைச்சுக்குங்க."

நெர்சு துணியை வாங்கி முகத்தில் பொத்திக்கொண்டார். வெகுநேரம் அதை எடுக்கவில்லை.