தலைவருக்கு இடப்பக்கம்

கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. பிரபாவதி நிச்சயதார்த்தப் புடவையை உடுத்திக்கொண்டு மாமல்லபுரத்தில் விமானப்படையின் சாகசக் காட்சி பார்க்கக் கிளம்பியபோது அவள் அப்பா சதாசிவம் முகம் சுளித்தார்.

"முகூர்த்தத்துக்கு முன்னாடி இதைக் கட்டிக்கிட்டு வெளியில போவாங்களாம்மா?"

"அவர்தான் எழுதியிருக்கார், அப்பா. மஞ்சள் நிறம்னா மேலேருந்து பார்த்தாலும் தெரியுமாம்."

"மேலேருந்து பார்த்தா மனுஷனே எறும்பு மாதிரி இருப்பான். மாப்பிள்ளை நல்லாத்தான் அளக்கிறார்" என்று சொல்லிச் சிரித்தாலும், அவர் மறுக்கவில்லை.

மாப்பிள்ளை சுப்புராமன் விமானப்படையில் பைலட். பெண் பார்க்க வந்தபோது ஒரு முறை, நிச்சயதார்த்தத்தன்று ஒரு முறை, அவ்வளவுதான் அவள் அவனைப் பார்த்தது. இரண்டு முறையும் கூச்சத்தில் தலை நிமிரவில்லை. அவன் கைக்கடிகாரம் ஞாபகம் இருந்த அளவுக்கு முகம் ஞாபகம் இல்லை. மற்றதெல்லாம் கடிதங்கள். கடைசியாக வந்ததில் இப்படி எழுதியிருந்தான்: "கடல் பக்கமிருந்து மூன்று ஜெட் விமானங்கள் வரும். நடுவில் முன்னால் வருவது எங்கள் தலைவர். அவருக்கு இடப்பக்கம் நான். இந்தத் தடவையாவது நிமிர்ந்து பார்."

திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய் இறங்கியபோது கடற்கரை முழுக்கக் கூட்டம். சுப்புராமனின் அம்மா ஜெகதாம்பாள் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து முன்னாலேயே வந்து இடம் பிடித்து வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு ஒற்றைப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள். பிரபாவதியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்குப் பார்வை சரியில்லம்மா. எது நம்ம புள்ளைன்னு நீ காட்டு."

முதலில் சத்தம் வந்தது. பிறகு கடலுக்கு மேலே மூன்று புள்ளிகள். அவை விமானங்களாகி நேரே கரையை நோக்கிப் பாய்ந்து வந்தன.

"அதோ, அத்தை! இடப்பக்கம் இருக்கே, அதுதான்!" பிரபாவதி தன் இடது கைப் பக்கம் வந்த விமானத்தைக் காட்டினாள். முந்தானையை எடுத்து வீசினாள். பக்கத்தில் கூடையோடு நின்ற மீன்காரி மாரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாம்மா இந்த ஆட்டு ஆட்டுற? உன் ஊட்டுக்காரரா மேல கீறாரு?"

"இன்னும் இல்ல. அடுத்த மாசம்."

"அதுக்குள்ள இந்தக் கூத்தா? கட்டிக்கினா தாங்காதும்மா!"

விமானங்கள் குட்டிக்கரணம் போட்டன. பிரிந்து போய் மறுபடி சேர்ந்தன. பிரபாவதி தன் விமானத்தைக் கண்ணிலிருந்து விடவில்லை. எத்தனை முறை கலைந்தாலும் அவள் விரல் அதையே தொடர்ந்தது. ஜெகதாம்பாளின் கண்கள் அந்த விரலைத் தொடர்ந்தன.

அது செங்குத்தாக மேலே ஏறிக்கொண்டிருந்தபோதுதான் கூட்டம் அலறியது. பிரபாவதி திரும்பினாள். இன்னொரு விமானம் இருந்த இடத்தில், கடலில் வெள்ளைத் தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழுந்து விழுந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கி பாதி வாக்கியத்தில் நின்றுபோயிற்று. செம்படவர்கள் கட்டுமரங்களைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

"பிரபா! யாரு? யாரது?" ஜெகதாம்பாள் அவள் தோளை உலுக்கினாள்.

"நம்மவர் இல்ல, அத்தை. சத்தியமா இல்ல. நம்ம விமானம் பத்திரமா மேல போயிடுச்சு. நான் பார்த்துக்கிட்டே இருந்தேனே!"

ஜெகதாம்பாள் மணலில் உட்கார்ந்து நரசிம்மரைக் கும்பிட்டாள். பிறகு, "எவ பெத்த புள்ளையோ, அவ வயிறு என்ன பாடுபடும்" என்று அழத் தொடங்கினாள். பிரபாவதி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியதை அவளால் தடுக்க முடியவில்லை.

பத்து நிமிஷம் கழித்து ஒரு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சுப்புராமனோட அம்மா யாரு?"

கரையைப் பார்த்துப் பறந்து வருகிறவனின் இடப்பக்கம், கரையில் நிற்கிறவளுக்கு வலப்பக்கம். இவ்வளவு சின்ன விஷயம் அப்போதுதான் பிரபாவதிக்கு உறைத்தது.

செம்படவர்கள் அன்றே உடலைக் கரை சேர்த்தார்கள். மறுநாள் தகனத்துக்குச் சதாசிவம் மட்டும் போனார். "தாலி ஏறாத பொண்ணு அங்க எந்த முறையில நிக்கிறது?" என்று உறவினர்கள் சொன்னார்கள். "தாலி ஏறுறதுக்கு முன்னாடி நடந்துச்சே" என்று ஆறுதலும் சொன்னார்கள். பிரபாவதி அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் ஜெகதாம்பாள் வந்தாள். துக்க வீட்டுக்காரர்கள் காரியம் முடியும்வரை அடுத்த வீட்டுப் படி ஏறுவதில்லை. அதனால் தெருவிலேயே நின்றாள். கையில், நிச்சயதார்த்தத்தன்று மாற்றிக்கொண்ட தாம்பூலத் தட்டு இருந்தது.

"காரியம் முடியறவரைக்கும் காத்திருந்தா ஊர் இந்தப் பொண்ணை ராசியில்லாதவன்னு பேசிடும், சம்பந்தி. தட்டை வாங்கிக்குங்க. புடவையைக் கொடுத்துடுங்க. அவளுக்கு ஒரு நல்ல இடம் அமையணும்."

சதாசிவம் தட்டை வாங்கிக்கொண்டார். பிரபாவதி புடவையை எடுத்து வந்தாள். கொடுக்காமல் நின்றாள்.

"நான் வேற யாரையோ பார்த்து முந்தானையை வீசினேன், அத்தை. அவரைப் பார்க்கவே இல்ல. உங்களையும் பார்க்க விடல."

"பிரபா, உள்ள போ" என்றார் சதாசிவம்.

"அவ சொல்லட்டும்" என்றாள் ஜெகதாம்பாள். பிறகு பிரபாவதி பக்கம் திரும்பினாள். "ஆமாம்மா. நீ காட்டினதைத்தான் நானும் பார்த்தேன். பத்து நிமிஷம் எவ புள்ளைக்கோன்னு நெனச்சு அழுதேன். அவன் விழுந்ததை என் கண்ணு பார்க்கலையே, அதுவே போதும்னு மனசைத் தேத்திக்கிறேன். சில நேரம் தேறுது. சில நேரம், கடைசியா ஒரு தடவை பார்த்திருக்கலாமேன்னு உன்மேல ஆத்திரம் ஆத்திரமா வருது. பொய் சொல்ல மாட்டேன்."

"ஆத்திரப்படுங்க, அத்தை. ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன். அஸ்தி கரைக்க என்னிக்குப் போறீங்க?"

"வெள்ளிக்கிழமை. மாமல்லபுரத்துலதான்."

"நானும் வர்றேன். ஒரு தடவை அவர் பக்கத்துல நிக்கணும்."

"பொம்பளைங்க போற வழக்கமில்லம்மா."

"நீங்க?"

"நான் போகத்தான் போறேன். என்னை யாரு தடுக்கறது?" சொல்லிவிட்டு ஜெகதாம்பாள் சதாசிவத்தைப் பார்த்தாள். "ஆனா உனக்கு வாழ்க்கை இருக்கு. அங்க வந்து நின்னா, நீ யாருன்னு கேப்பாங்க."

 பிரபாவதி புடவையை ஜெகதாம்பாள் கையில் கொடுத்தாள். கொடுத்த கையை எடுக்கவும் இல்லை. அதுவரை தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று கவனித்துக்கொண்டிருந்த சதாசிவம், மகளின் முகத்தைப் பார்த்தார். தட்டைப் படியில் வைத்தார்.

"எத்தனை மணிக்கு வரணும், சம்பந்தி?"

 பிரபாவதி படி இறங்கித் தெருவுக்கு வந்து ஜெகதாம்பாளைக் கட்டிக்கொண்டாள். ஐந்து நாளில் பிரபாவதி முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.